எவ்வளவு பத்தலை

ஜூன் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நலம். நீங்களும் வீட்டில் எல்லாரும் நலம்தானே. உங்க முழங்கால் எப்படி இருக்கு?

மாப்பிள்ளை அடிச்ச தந்தி வந்தது. பெண் குழந்தை, ரெண்டு மாசம் முந்திப் பிறந்துட்டுது, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில். அவ்வளவுதான். பிள்ளை எத்தனை எடைன்னு இல்லை. என் மக பாப்பா கண் திறந்து பேசறாளான்னு இல்லை. அவர் சின்ன வயசிலேயே சிக்கனம்னு கேள்விப்பட்டிருக்கேன், அதுக்காக இதிலேயுமா.

ஒன்பது வருஷம் காத்துக் கிடந்து வந்த பிள்ளை. நான் இன்னேரம் என் மக தலைமாட்டில் உட்கார்ந்திருக்கணும். போன மாசம் ஜன்னல் திரை மாட்ட முக்காலியில் ஏறினேன். முக்காலி ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்கு. ஆகஸ்ட் வரைக்கும் அசையக் கூடாதாம். பாப்பாகிட்ட இதைச் சொல்லாதீங்க. அம்மாவுக்குக் கால் சுளுக்குன்னு சொன்னாப் போதும்.

நமக்குள்ளே ஒன்பது வருஷமாக் கடிதம் இல்லை. ஏன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை இப்ப எடுக்கப் போறதில்லை. கல்யாணத்தன்னைக்கு மஞ்சள் சேலை கட்டி, இடது கையில் கைக்குட்டையோட, கைகழுவற இடத்துக்கு முன்னால நின்னு நீங்க சொன்னது இன்னைக்கும் என் காதில் இருக்கு. ஆனா எடுக்கலை.

பாப்பா எப்படி இருக்கா, பிள்ளை எத்தனை எடை, பால் குடிக்குதா. இந்த மூணையும் எழுதுங்க. நான் நாலாவதுக்கு மேல் படிக்காதவ. எழுத்து கோணலா இருந்தா, மடியில் பலகை வச்சு எழுதறதாலன்னு நினைச்சுக்கோங்க.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூன் 11

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் கால் விரைவில் குணமாக வேண்டுகிறேன். என் முழங்கால் வழக்கம்போல.

தாங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில். பாப்பா நலம், அதிகம் பேசுவதில்லை. குழந்தை ஒரு கிலோ நானூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இரண்டு கைக்குள் அடங்கிவிடுவதால் வார்டு நர்ஸ் "பட்டாணி" என்று கூப்பிடுகிறார், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். உறிஞ்சிக் குடிக்க இன்னும் தெம்பு வரவில்லை. பாப்பா பாலை எடுத்துக் கொடுக்க, மெல்லிய குழாய் வழியாக மூன்று மணிக்கொரு முறை விடுகிறார்கள். தாய்ப்பால் மட்டும் பற்றாக்குறை. மாவுப்பால் இருக்கிறது, கவலை வேண்டாம்.

பழையதைப் பற்றித் தாங்கள் எழுதியது எனக்குச் சரியாக விளங்கவில்லை. சேலை மஞ்சள் அல்ல, எலுமிச்சை நிறம்.

தங்கள் நலம் விரும்பும்,
சம்பந்தி


ஜூன் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம். உங்க நலத்துக்கும் முழங்காலுக்கும் கேட்டுக்கறேன். எலுமிச்சை என்ன, சிவப்பாவா இருக்கும்?

உங்க கடிதத்தை மூணு தரம் படிச்சேன். நாலு வரி நல்லா எழுதிட்டு நடுவில் ஒரு வார்த்தையைப் போட்டிருக்கீங்க. பற்றாக்குறை. அதே வார்த்தை. எடுக்கமாட்டேன்னு சொன்னேன், நீங்களே எடுத்துக் கையில் கொடுத்துட்டீங்க. கல்யாணத்தில் கடைசிப் பந்தி உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் கேட்க, "பெண் வீட்டில் சாப்பாடு பற்றாக்குறை போலிருக்கே" ன்னு சொன்னீங்க. அரை மணி நேரத்தில் மறுபடி உலை வச்சு எல்லாருக்கும் போட்டோம். ஒருத்தர் பசியோட போகலை. ஆனா வார்த்தை நின்னு போச்சு.

அது என் பாடு. இப்ப என் மக பாடு. முப்பத்து நாலு வருஷம் சீருடை தைக்கிற கூடத்தில் வெட்டு மேசையில் நின்னவ நான். அதனால கேட்கறேன். சேர்ந்த புதுசில் ஒரு நாள், "மாஸ்டர், துணி பத்தலை" ன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வச்சார். "எவ்வளவு பத்தலை?" ன்னார். தெரியலைன்னேன். "அளக்காத ஆளுக்கு அந்த வார்த்தை கிடையாது. போய் ரெண்டு தரம் விரிச்சு அளந்துட்டு வா." அளந்தேன். மூணு விரற்கடை. அக்குளில் ஒரு ஒட்டு வச்சோம், சட்டை ஆயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க மேசையில் அதுதான் சட்டம். வெறுமனே பத்தலைன்னு எவளாவது சொன்னா, அந்தத் துணி கழிவுக் கூடைக்குப் போயிடும். அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. மூணு விரல் பத்தலைன்னு சொன்னா, உடனே நாலு பேர் மூணு விரல் துணி தேடுவாங்க.

எனக்கு ரெண்டு பதில் வேணும். அந்த வார்த்தை பாப்பா காதில் விழுந்ததா, யார் சொன்னாங்க? ரெண்டாவது, எவ்வளவு பத்தலை?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூலை 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலம். நீங்க நலமான்னு தெரியலை.

என் கடிதம் போய்ப் பதினாறு நாள் ஆச்சு. மாவுக்கட்டுக்குள்ளே அரிக்குது, பின்னல் ஊசி விட்டுச் சொறிஞ்சுக்கறேன். மனசுக்கு எந்த ஊசியை விடறது. கோபமா எழுதிட்டேன்னு நீங்க கோபமா இருந்தா, இருங்க. ஒரு அட்டையில், பிள்ளை இருக்குன்னு மட்டும் எழுதிப் போடுங்க.

பாப்பாவின் அம்மா


ஜூலை 5

அன்புள்ள சம்பந்திக்கு,

குழந்தை இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஒரு கிலோ நானூற்றைம்பது. என் முழங்கால் வழக்கம்போல.

தங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதியே வந்தது. இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை, வெட்கம். பாப்பாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னது நர்ஸ் இல்லை. நான்தான்.

முப்பது வருடம் ஓர் அலுவலகத்தில் டைப் அடித்தேன். ஆள் பற்றாக்குறை, தாள் பற்றாக்குறை, மின்விசிறி பற்றாக்குறை. நாளுக்கு நாலு தரம் விரல் போகும் வார்த்தை அது. மேலே அனுப்புவோம், மேலேயே கிடக்கும். அதைப் படித்து யாரும் அழுததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் கட்டிலருகே நின்று, "பால் பற்றாக்குறைதான், அதனால் என்னம்மா" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாளிலிருந்து பால் எடுக்க உட்காரவில்லை. "இல்லாததை எதுக்கு அத்தை எடுக்கணும்?" என்றாள். மாவுப்பால் மட்டுமே கொடுத்தார்கள். பட்டாணியின் வயிறு உப்பிவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்தி, நான்கு நாள் ஊசி வழியாகத் தண்ணீர் மட்டும் ஏற்றினார்கள். பிழைக்குமா என்று என் மகன் கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த நாட்களில்தான் தங்கள் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி நர்ஸிடம் பழைய சீட்டுகளை வாங்கி, பாப்பா கடைசியாகப் பால் எடுத்த இரண்டு நாள் அளவையும் கூட்டிப் பார்த்தேன். தங்கள் மாஸ்டர் சொன்னபடி இரண்டு தரம். ஒரு நாளைக்குத் தேவை இருநூற்று இருபது மில்லி. எடுத்தது எண்பது. போய், "நூற்று நாற்பது மில்லி பத்தலைம்மா" என்றேன்.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "அப்ப எண்பது இருந்துச்சா அத்தை?" என்றாள்.

எண்பது இருந்தது என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை, சம்பந்தி. அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்து, பாத்திரத்தைக் கொண்டு வரச் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நூற்றிருபது பேர் வருவோம் என்று தாளில் எழுதிக் கொடுத்தது நான். வந்தது நூற்றைம்பது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த முப்பது பேரும் எங்கள் ஆட்கள் என்று பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பயத்தில் அலுவலக வார்த்தை வாயில் வந்தது. அன்று அளந்திருந்தால் குறை என் பக்கம்தான் வந்து நின்றிருக்கும்.

தங்கள்,
சம்பந்தி


ஜூலை 12

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம். பட்டாணி நலம்னு படிச்ச பிறகுதான் நான் நலம்.

முப்பது இல்லை, முப்பத்தோரு பேர். உங்க தம்பி வீட்டுக் கைக்குழந்தையை விட்டுட்டீங்க. அது சாப்பிடலை, ஆனா ரெண்டு டம்ளர் பால் போச்சு.

நீங்க அன்னைக்குச் சொன்னதும் என் வீட்டுக்காரர் பின்கதவு வழியா வெளியே போயிட்டார். கல்யாணத்து சாமானெல்லாம் வண்டியில் ஏத்தற வரைக்கும் உள்ளே வரலை. அதுதான் என் வயித்தில் இத்தனை வருஷம் கிடந்தது, சாப்பாடு இல்லை. அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகுது. உங்க கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால உட்கார்ந்து ஒரு தரம் சத்தமாப் படிச்சேன். நூற்றிருபது, நூற்றைம்பதுங்கற இடத்தை ரெண்டு தரம் படிச்சேன். கடைசியில் அவருக்கும் கணக்குத் தெரிஞ்சுது. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், சொல்றேன்.

இவ்வளவு எழுதின நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க. பாப்பாகிட்ட எண்பது. மாவுப்பால் ஒத்துக்கலை. அப்ப அந்த நூத்து நாற்பது எங்கேருந்து வருது?

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


ஜூலை 20

அன்புள்ள சம்பந்திக்கு,

நலம். முழங்கால் வழக்கம்போல. தங்கள் அரிப்பு எப்படி இருக்கிறது?

பட்டாணி ஒரு கிலோ எண்ணூறு. பாப்பாவின் பால் நூற்றுத் தொண்ணூறாக ஏறியிருக்கிறது. ஆனால் குழந்தை வளர வளரத் தேவையும் ஏறுகிறது, இப்போது இருநூற்று எண்பது. ஆக, இன்றைக்குத் தொண்ணூறு மில்லி பத்தலை. பால் இவ்வளவு கூடியும் தொண்ணூறு பத்தவில்லையே என்று நேற்று பாப்பாவுக்குக் கொஞ்சம் முகம் வாடியது. என் மகன், "போன மாசம் அது சாப்பிட்டதுக்கு இப்ப வெறும் முப்பதுதான் பத்தலை. இப்ப அது பெரிய சாப்பாட்டுக்காரி, அதுக்கு நீ என்ன பண்ணுவே?" என்றான். அவள் சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு முதல் சிரிப்பு, அதனால் எழுதுகிறேன்.

மீதிப் பாலுக்கு ஏற்பாடாகிவிட்டது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தங்கள்,
சம்பந்தி


ஜூலை 30

அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். சுளுக்குக்கு யாரும் ரெண்டு மாசம் படுத்திருக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். உங்க காலை நினைச்சு அழுதுட்டு, அப்புறம் பால் எடுக்க உட்கார்ந்துடுவேன். அழுதா பால் குறையும்னு நர்ஸ் திட்டுவாங்க.

அத்தைகிட்ட நீங்க ஏதோ கேட்டீங்களாம், சொல்ல வேண்டாம்னு என்கிட்ட சொன்னாங்க. அதனாலதான் சொல்றேன். மீதிப் பால் என் நாத்தனாரோடது. அவங்களுக்கு ஏழு மாசக் குழந்தை இருக்கு இல்லையா, பால் நிறைய இருக்கு. ரத்தம் எல்லாம் சோதிச்சு டாக்டர் சரின்னுட்டார். அவங்க வீடு ஆஸ்பத்திரியிலேருந்து ரெண்டு கிலோமீட்டர். ஜூன் இருபத்திரண்டிலேருந்து அத்தை காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போய், பாட்டிலை ஈரத்துணியில் சுத்தி மடியில் கட்டிக்கிட்டு வர்றாங்க. பஸ்ஸில் வாங்கன்னா, கூட்டத்தில் இடிபட்டு ஒரு சொட்டு சிந்தினாலும் உங்கம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும்னு நடந்தே வர்றாங்க. ஒரு நாள்கூட விடலை. நேத்து மழையிலயும் வந்தாங்க. மாடிப்படி ஏற முடியாம கீழே படியில் உட்கார்ந்துட்டு, பாட்டிலை மட்டும் வாட்ச்மேன்கிட்ட கொடுத்து அனுப்பினாங்க. முழங்கால் ரெண்டும் வீங்கியிருக்கு. நான் சொன்னதாச் சொல்லாதீங்க.

பட்டாணி நேத்து முதல் தரமா என்கிட்டயே குடிச்சா. அஞ்சு நிமிஷம். அப்புறம் களைச்சுத் தூங்கிட்டா.

உங்க,
பாப்பா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம், நேத்து மாவுக்கட்டைப் பிரிச்சுட்டாங்க. கால் குச்சியா இருக்கு, ஆனா என் கால்தான்.

முழங்கால் வழக்கம்போலன்னு மூணு கடிதத்தில் எழுதினீங்க. வழக்கம்போலன்னா நாளுக்கு ரெண்டு நடைன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது? என்கிட்ட யார் சொன்னாங்கன்னு கேட்காதீங்க. பெத்தவளுக்குக் காத்திலயும் சேதி வரும்.

ஜூன் இருபத்திரண்டிலேருந்து நாற்பத்து நாலு நாள். ரெண்டு நடை, போக வர எட்டு கிலோமீட்டர். முந்நூத்து அம்பத்து ரெண்டு. ரெண்டு தரம் பெருக்கிப் பார்த்துட்டேன். ஒன்பது வருஷமா நான் உங்க மேலே வச்சிருந்த கோபத்தையும் எடுத்து மேசையில் விரிச்சேன், அண்ணி. எப்படி இழுத்தாலும் இதுக்கு அது எட்டலை. நல்ல வேளை, எட்டலை.

கோபத்திலும் ஒரு பிரயோசனம் இருந்தது. இதோட வர்ற பை உங்களுக்கு. பாட்டிலை மடியில் கட்டாம இதில் வச்சு தோளில் மாட்டிக்கோங்க. உள்ளே பஞ்சு வச்சுத் தைச்சிருக்கேன். உங்க உயரத்தை எங்கே அளந்தேன்னு கேட்பீங்க. கல்யாணத்தன்னைக்குக் கைகழுவற இடத்தில் நீங்க என் காது மட்டத்துக்கு நின்னீங்க. அதை வச்சு வார் வெட்டினேன். பை இடுப்பில் சரியா வந்து உட்காரும். துணி என் வீட்டுக்காரரோட நீலச் சட்டை. அதுவும் நாலு விரல் பத்தலை. அடியில் ஒட்டுப் போட்டிருக்கேன், தேடினாலும் தெரியாது.

உங்க மகளுக்கு நான் என்ன சொல்றதுன்னே தெரியலை. ரெண்டு பிள்ளைக்கு அம்மான்னு சொல்லுங்க.

நாளைக்கே நடையை நிறுத்தி, ஒரு நாளாவது காலை நீட்டிப் படுங்க. படுக்கமாட்டீங்க, தெரியும். ஆனாலும் எழுதறேன்.

உங்க,
பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

பை வந்தது. இடுப்பில் சரியாக உட்கார்ந்தது. ஒட்டை வெயிலில் பிடித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. பாப்பாவுக்கு மட்டும் உடனே கண்டுபிடிக்கத் தெரிந்தது, உங்கள் மகள் இல்லையா.

இனி அதில் பாட்டில் வைக்க வேலை இல்லை. முந்தாநாள் அளவு: தேவை முந்நூற்று நாற்பது, பாப்பா கொடுத்தது முந்நூற்று நாற்பது. சீட்டில் கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று நர்ஸ் என்னைக் கேட்டார். அவர்கள் வழக்கமாக ஒரு கோடு போடுவார்கள். நான் பேனாவை வாங்கி "பத்தியது" என்று எழுதினேன். முப்பது வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒரு தரம்கூட டைப் அடித்ததில்லை.

வீட்டில் கிடந்த பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பற்றுதல் என்றால் பிடித்துக்கொள்வது, போதுமானதாவது என்று இரண்டும் போட்டிருக்கிறது. கை எட்டிப் பிடிக்காத தூரம்தான் பற்றாக்குறை போலிருக்கிறது. நாலாவது வரை படித்த நீங்கள் மேசையில் துணியை விரித்துக் கற்றதை, நான் இந்த வயதில் புத்தகத்தில் தேடிப் பிடித்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை நீங்கள் கோபத்தோடு எழுதியதற்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். பணிவாக எழுதியிருந்தால் கைப்பையிலேயே கிடந்திருக்கும்.

பட்டாணி இரண்டு கிலோ இருநூறு. நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வருகிற முப்பத்தோராம் தேதி வீட்டோடு ஒரு சின்னச் சாப்பாடு. இருபது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எழுதவும். இந்த முறை நான்தான் சமைக்கிறேன், அதனால் கேட்கிறேன்.

முழங்கால் நிஜமாகவே தேவலை.

உங்கள்,
அண்ணி


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முப்பதாம் தேதி சாயங்கால ரயிலில் வந்து இறங்கறேன். மாப்பிள்ளையை நிலையத்துக்கு அனுப்புங்க, நான் கைத்தடியோட மெதுவாத்தான் நடப்பேன்.

நான் ஒருத்திதான் வர்றேன். ரெண்டு தரம் எண்ணிட்டேன். நீங்க இருபதுன்னு எழுதினது என்னைச் சேர்த்தா, சேர்க்காமலான்னு தெரியலை. சேர்க்கலைன்னா இருபத்தொண்ணுன்னு திருத்திக்கோங்க.

அப்படியும் யாராவது சொல்லாம வந்து நின்னா நீங்க பயப்பட வேண்டாம், யார் காதிலயும் எதுவும் விழவும் வேண்டாம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும். நாம ரெண்டு பேரும் கடைசியா ஒரே தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கலாம்.

பட்டாணியோட இன்னொரு பாட்டி